குதிகால் கொப்புளத்தை உடைக்கலாமா? வெள்ளியங்கிரி ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: தண்டையார்பேட்டை கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். மணலிப் பக்கம் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கணக்குப் பிரிவில், காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழாத வேலை. சென்ற மாதம் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேருடன் செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்குச் சென்றேன். மூச்சு வாங்கும், முழங்கால் நோகும் என்றுதான் பயந்திருந்தேன். அவை இரண்டும் என்னை ஒன்றும் செய்யவில்லை, குதிகால்தான் கவிழ்த்துவிட்டது.

இரண்டு நாள் முன்னர் வாங்கிய புது ஷூவையும், பள்ளிப் பிள்ளைகள் போடுவது போன்ற தடித்த பருத்திக் காலுறையையும் அணிந்திருந்தேன். முதல் ஓடையைக் கடக்கும்போதே ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வலது குதிகாலின் பின்பக்கம் சுருசுருவென்று சூடாவது தெரிந்தது. என்னைவிட இளையவர்கள் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்ததால், நில்லுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லாமலேயே நடந்தேன். வீடு திரும்பியபோது இரண்டு குதிகாலிலும் பழைய ஐம்பது காசு அளவில் கொப்புளம், வலது சுண்டுவிரலில் இன்னொன்று. அன்றிரவே ஊக்கால் குத்தி நீரை வெளியேற்றி, தொங்கிய தோலையும் உரித்தெடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். நான்காம் நாள் சீழ் வைத்தது. மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, ஆறுவதற்குப் பத்து நாள் ஆனது. அதுவரை அலுவலகத்துக்கு ரப்பர் செருப்போடுதான் போனேன்.

இப்போது பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறுவதாகப் பேச்சு நடக்கிறது. அதற்கு ஐந்து வாரம் இருக்கிறது. என் கேள்விகள் இவை. பழைய கேன்வாஸ் ஷூவோடு வந்த நண்பருக்கு ஒன்றும் ஆகாதபோது எனக்கு மட்டும் ஏன் வந்தது? கொப்புளத்தை உடைக்க வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா? அடுத்த முறை வராமல் இருக்க என்ன செய்வது? கடைசியாக, என் தாயாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சித்திரை பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் வெறுங்காலில் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவருக்குக் கொப்புளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, அறுவை சிகிச்சை வார்டில் முப்பது ஆண்டுக்கு மேல் கட்டுப் போட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் செய்த தவறுகளில் பெரியது குத்தியது அன்று, தோலை உரித்தது.

செருப்புக்கடி என்று நாம் சொல்லிப் பழகியதால், செருப்பு மேலிருந்து தோலைக் கடிக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறோம். மேலே உராய்ந்து தோல் வழன்றால் அது சிராய்ப்பு. கொப்புளம் உண்டாகும் விதமே வேறு. உங்கள் ஆட்காட்டி விரலை மறுகையின் புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காதபடி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் அதனடியில் தோல் எலும்பின் மேல் நகரும். ஒவ்வோர் அடியிலும் குதிகாலில் நடப்பது இதுதான். எலும்பு ஷூவுக்குள் மேலும் கீழும் போய்வருகிறது; மேல்தோலோ காலுறையோடும் ஷூவோடும் ஒட்டிக்கொண்டு பின்தங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை இழுபட்டபின் மேல்தோலின் நடு அடுக்கு களைத்துக் கிழிந்து பிரிகிறது, பிரிந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் இது எளிதில் வருவதற்குக் காரணம், அங்கே மேல்தோல் தடித்தது என்பதுதான். மெல்லிய தோலாக இருந்தால் நீர் கோப்பதற்கு முன்பே வழன்று போயிருக்கும்.

ஈரம் இதைப் பலமடங்கு கெடுக்கிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கம் தேங்கிய தண்ணீரில் அரைநாள் நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்; ஊறி வெளுத்த தோல் எவ்வளவு எளிதில் வழன்று வரும் என்பதைச் சொல்வார்கள். ஈரத்தோல் காலுறையை விடாமல் பற்றிக்கொள்கிறது, அதே சமயம் வலுவும் இழந்துவிடுகிறது. உங்கள் பருத்திக் காலுறை ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வெளியே விடவில்லை. நண்பருடைய பழைய கேன்வாஸ் ஷூ அவர் காலுக்குப் படிந்திருக்கும், தண்ணீரும் அதிலிருந்து விரைவில் வடிந்திருக்கும். உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

இனி, உடைப்பதா வேண்டாமா என்பது. சிறியதாக இருந்து வலி பெரிதாக இல்லையென்றால் தொடக்கூடாது. மேலே இருக்கும் அந்தத் தோல், எந்தக் கடையிலும் கிடைக்காத சுத்தமான கட்டு. அதன் அடியில் சில மணி நேரத்திலேயே புதிய செல்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஐந்து நாளில் புதிய மேல்தோல் உருவாகிவிடும். அந்தக் கூரையைப் பிய்த்தெடுத்தால், பச்சைப் புண்ணைத் தூசிக்குத் திறந்து வைத்ததாகத்தான் அர்த்தம்.

கொப்புளம் பெரிதாக, விண்ணென்று புடைத்து, நடந்தால் தானே உடைந்துவிடும் என்ற நிலையில் இருந்தால் நீரை எடுத்துவிடலாம். கையையும் பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக்கடையில் உறையோடு விற்கும் புதிய ஊசி சில ரூபாய்க்குக் கிடைக்கும்; சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுக்காதீர்கள். கொப்புளத்தின் நடுவில் குத்தாமல், ஓரத்தில், தாழ்வான பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, சுத்தமான துணியால் மெல்ல அழுத்துங்கள். தோல் அப்படியே கீழே படிய வேண்டும். பிறகு கிருமிநாசினிக் களிம்பையோ வெறும் வாசலினையோ மெல்லியதாகத் தடவி, ஒட்டாத கட்டுத் துணி வைத்து மூடுங்கள். முதல் நாளில் மறுபடியும் நீர் கோக்கும். அதே முறையில் மறுபடியும் எடுத்துவிடலாம். உள்ளே இரத்தம் கோத்திருந்தால் மட்டும் ஊசி படக்கூடாது. மஞ்சளைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன்: சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள் தூள் கிருமியற்ற பொருள் அன்று, உரித்த புண்ணில் அதற்கு வேலை இல்லை.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடு ஏறினால், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கொப்புளம்தானே என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1924-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், காலுறை இல்லாமல் ஷூ அணிந்து டென்னிஸ் ஆடினான். கால்விரலில் வந்த கொப்புளத்தில் கிருமி புகுந்து, அது இரத்தத்தில் கலந்து, ஏறத்தாழ ஒரே வாரத்தில் இறந்துபோனான். நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் கொடுப்பதற்கு மருந்து இல்லை; பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். இன்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போனவர்களுக்குத்தான் அது உதவும்.

உங்கள் தாயாரைப் பற்றி: அவருக்கு வரும் கொப்புளத்தை வீட்டில் யாரும் குத்தக்கூடாது; எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்படிக் குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. அரசு மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பௌர்ணமிக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பது வேண்டாம். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலை, சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் சுடும். சுடுவது தெரியாத கால் அதில் வெந்துபோவதை வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். மென்மையான செருப்பும் காலுறையும் போட்டு வரச் சொல்லுங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதில்: காசிமேடு நடைப்பயணி

சகோதரரே, நான் மலை ஏறியவன் அல்லன், ஆனால் பதினொரு ஆண்டுகளாகக் காசிமேட்டிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவன். ஆகஸ்டு 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும்படி கிளம்பி, 300 கிலோமீட்டருக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நடப்போம். கால் கொப்புளத்தைப் பற்றி எங்கள் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியாதது குறைவு என்று கொஞ்சம் கர்வத்தோடே சொல்லிக்கொள்வேன்.

உங்கள் எழுத்தில் ஓர் இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நில்லுங்கள் என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்கிறீர்களே, அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. கொப்புளம் திடீரென்று வருவதில்லை; முதலில் ஓர் இடம் மட்டும் சுடும். அதை நாங்கள் கால் கூப்பிடுகிறது என்போம். கூப்பிட்டவுடன் உட்கார்ந்து, செருப்பையும் காலுறையையும் கழற்றி, காலைத் துடைத்து, காற்றாட விட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு எழுந்தால் பத்து நிமிடம்தான் போகும். உட்காராமல் நடந்தால் பத்து நாள் போகும் என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். எங்கள் குழுவில் முதல் நாள் ஜெபம் முடிந்ததும் மூத்தவர் சொல்லும் ஒரே சட்டம், சுட்டால் யாரும் வாயை மூடிக்கொண்டு நடக்கக்கூடாது என்பது. ஒருவர் நின்றால் அனைவரும் நிற்போம். உங்கள் நண்பர்களிடமும் மலை அடிவாரத்திலேயே இதைப் பேசி வைத்துவிடுங்கள். அங்கே பேசிவிட்டால் மேலே வெட்கப்பட வேண்டியிருக்காது.

பிளாஸ்டர் என்று நான் சொல்வது, மருந்துக்கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் தரும் வெள்ளைக் காகிதப் பட்டை. விலை மலிவு. கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவதைவிட, வழக்கமாகச் சுடும் இடத்தில் கிளம்பும் முன்பே ஒட்டிக்கொள்வது நல்லது. கால் காய்ந்திருக்க வேண்டும், பட்டையில் சுருக்கம் விழக்கூடாது, நான்கு முனைகளையும் கத்தரித்து வட்டமாக்கிவிட வேண்டும். கூர்முனை இருந்தால் காலுறையில் மாட்டிக்கொண்டு உரிந்துவிடும். என் மருமகன் மருத்துவம் படிக்கிறான். அவன்தான் சொன்னான், 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், 250 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில் 128 பேருக்கு இந்தக் காகிதப் பட்டையை ஒட்டிப் பார்த்து, ஒட்டிய இடத்தில் கொப்புளம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக வெளியிட்டிருக்கிறார்களாம். நாங்கள் அதற்கு முன்பிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

காலுறையில் ஒரு சிக்கனமான வழி உண்டு. பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையை உள்ளே போட்டு, அதற்கு மேல் தடித்த விளையாட்டுக் காலுறையைப் போட்டால், வழுக்கல் இரண்டு காலுறைக்கும் இடையே நடந்துவிடும், தோலை இழுக்காது. எம்.சி. ரோட்டில் இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் செலவு அதிகமாகாது. கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உடைப்பதற்கு எங்கள் பெரியவர்கள் செய்த முறை வேறு. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் குறுக்கே செலுத்தி, நூலை உள்ளேயே விட்டுவிடுவார்கள். நூல் வழியே நீர் கசிந்து வடிந்துகொண்டே இருக்கும். இரவு அப்படிச் செய்துவிட்டுக் காலையில் நடந்திருக்கிறேன். காலுக்கு வாசலினும் அள்ளிப் பூசுவோம். செவிலி அம்மா இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்க விரும்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, பழைய வண்ணாரப்பேட்டை

நூல் வேண்டாம் ஐயா. நீர் வெளியே வரும் அதே நூல் வழியாக, தெருவின் அழுக்கும் வியர்வையும் உள்ளே போகும். உங்களுக்குப் பதினொரு ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லையென்றால் அது மாதாவின் அருள், முறையின் சிறப்பன்று. ஓரத்தில் இரண்டு மூன்று துளை போட்டாலே நீர் வடியும்.

வாசலின் விஷயத்தில் பாதி ஒத்துப்போகிறேன். பூசியவுடன் உராய்வு குறையும் என்பது உண்மை. ஆனால் நேரம் போகப் போக, பூசாத தோலைவிடவும் பிசுபிசுப்பு கூடி, இழுவை அதிகமாகிவிடும். ஆகவே மணிக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச முடிந்தவர்களுக்குத்தான் அது பயன்படும். மேலும், வாசலின் பட்ட தோலில் நீங்கள் சொன்ன காகிதப் பட்டை ஒட்டாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலைக்கு நான் பட்டையைத்தான் சொல்வேன். முகப்பவுடர் போடுபவர்களும் உண்டு. வியர்வையில் அது திரண்டு மணல் போல உறுத்தும்.

பதில்: பெரியமேடு ஷூ தைப்பவர்

ஐயா, மருந்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் பெரியமேட்டில் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளாக ஷூவின் மேல்பகுதி தைப்பவன். எட்டாம் எண் ஷூ வாங்கினேன், பத்தாம் நாள் கடித்தது என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் முதல் கோளாறு. நம் கடைகளில் பெரும்பாலும் புழங்கும் இங்கிலாந்து அளவில், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அதுவும் நீளத்தில்தான். அகலத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. சிறுவயது முழுவதும் வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம் கால்கள் விரல் பக்கம் நன்றாக விரிந்திருக்கும். ஒடுங்கிய முனை கொண்ட ஷூவில் சுண்டுவிரல்தான் முதலில் அடிவாங்கும். உங்கள் வலது சுண்டுவிரல் கொப்புளத்துக்கு அதுவே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் வீங்கியிருக்கும். மலை ஏறும்போதும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் அதே காலுறையை, இரண்டென்றால் இரண்டையும், கையோடு கொண்டுபோங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஆகையால் பெரிய காலுக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். நின்றபடி பார்த்தால், மிக நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். முன்பக்கம் இப்படித் தாராளமாக இருக்கலாம். குதிகால் மட்டும் தூக்கினால் வெளியே வரக்கூடாது. கடையில் படி இருந்தால் நான்கு முறை இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் போய் இடித்தால், வெள்ளியங்கிரியில் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். ஏறும்போது குதிகால் அடிபடும், இறங்கும்போது விரல்கள் அடிபடும். ஏறிய களைப்பில் இறக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விளையாட்டு ஷூக்களில் கணுக்கால் பக்கம் மேலே கூடுதலாக ஒரு துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது என்று நினைத்து எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள். கயிற்றை அந்தத் துளையில் அதே பக்கமாக உள்ளே செலுத்தி, இரு பக்கமும் சிறிய வளையம் போல விட்டு, வலது கயிற்றை இடது வளையத்திலும் இடது கயிற்றை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகாலைப் பிடித்து நிறுத்தும் கட்டு அது. ஏறுவதற்கு முன் ஒருமுறை, இறங்குவதற்கு முன் உச்சியிலேயே இன்னொருமுறை இறுக்கிக் கட்ட வேண்டும். விரல் பக்கம் மட்டும் தளர்வாக விடுங்கள்.

புது ஷூவின் பின்பக்கத்தில் குதிகாலைத் தாங்குவதற்கு உள்ளே ஓர் அட்டையோ பிளாஸ்டிக் வார்ப்போ வைத்துத் தைத்திருப்போம். அது முதல் இரண்டு வாரம் விறைப்பாகத்தான் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து இளக்குவது, சுத்தியால் தட்டுவது போன்ற வைத்தியங்கள் ஒட்டுப்பசையைத்தான் பிரிக்கும். தினமும் அரைமணி, பிறகு ஒரு மணி என்று போட்டு நடப்பதற்கு மாற்று இல்லை. இந்த ஐந்து வாரமும் உங்களுக்குப் போதும். இன்றே தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே கொப்புளம் இருக்கும்போது நடந்தே ஆக வேண்டும் என்றால், பழைய ஷூவின் உள்தகட்டிலிருந்து நுரைப்பஞ்சை வெட்டியெடுத்து, நடுவில் கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் துளை போட்டு, கொப்புளம் துளைக்குள் வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். பாரம் சுற்றியுள்ள இடத்தில் இறங்கிவிடும். இது எங்கள் பட்டறை வைத்தியம், செவிலி அம்மா மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பதில்: கொருக்குப்பேட்டை மாணவி

ஷூ தைப்பவர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கால் நகத்தை மலைக்குப் போகும் முதல்நாள் இரவு வெட்டாதீர்கள். நான்கைந்து நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். அன்று வெட்டிய நகத்தின் கூர்விளிம்பு பக்கத்து விரலில் கொப்புளம் போட்ட கதை எனக்கு உண்டு.

பதில்: தண்டையார்பேட்டை கணக்கர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய ஷூவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மாலை ஏழு மணிக்குக் கடைக்குப் போய் ஓர் எண் பெரிதாக, முன்பக்கம் அகலமாக உள்ளதை வாங்கினேன். கடைக்காரர் நைலான் காலுறையைப் பார்த்து உண்மையாகவே சிரித்தார். நம் பகுதியில் ஏறிப் பழகுவதற்கு ஒரு மேடும் இல்லாததால், மெட்ரோ நிலையப் படிகளும் ரயில்வே நடைமேம்பாலமும்தான் எனக்கு மலை. காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரை நடந்துபோய்த் திரும்புகிறேன். இரண்டாம் வாரம், தேரடி தாண்டும்போது இடது குதிகால் கூப்பிட்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது சுற்றியிருந்தவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். பட்டையை ஒட்டிக்கொண்டு வீடு வரை நடந்தேன். இரவு பார்த்தால் சிவப்புகூட இல்லை.

அம்மாவை நைலான் இழைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு பாதத்திலும் பெருவிரலின் அடியில் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. கிரிவலத்துக்குச் செருப்போடு வர ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் எட்டு லிங்கச் சந்நிதிகளிலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன் என்கிறார். அதை நான் மறுக்கவில்லை. காலுறை இருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. அக்குளில் பூசும் வியர்வைத் தடுப்பு மருந்தைப் பாதத்தில் பூசினால் கொப்புளம் வராது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எனக்கு உள்ளங்கால் அதிகமாக வியர்க்கும். இதைச் செய்யலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, பழைய வண்ணாரப்பேட்டை

அந்தக் காணொளி சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது, தம்பி. அமெரிக்க இராணுவப் பயிற்சிக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டில், வியர்வையைத் தடுக்கும் மருந்தான அலுமினியம் குளோரைடு 20 விழுக்காடு கலந்த கரைசலைச் சில இரவுகள் முன்கூட்டியே பாதத்தில் பூசவைத்து, 21 கிலோமீட்டர் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மருந்து கலக்காத வெறும் கரைசல் பூசியவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கொப்புளம் வந்தபோது, மருந்து பூசியவர்களில் 21 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. ஆனால் மருந்து பூசியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோலில் எரிச்சலும் அரிப்பும் உண்டாயின. காணொளிக்காரர் இந்தப் பாதியைச் சொல்லியிருக்கமாட்டார்.

உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது, குதிகாலில் புதுத்தோல் வந்து அதிக நாளாகவில்லை. அதில் இரசாயனத்தைப் பூசிச் சோதித்துப் பார்க்க இது நேரமன்று. அதற்குப் பதிலாகக் கூடுதலாக இரண்டு இணைக் காலுறைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போங்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் மூன்றாம் மலையில் ஒருமுறையும், உச்சியில் ஒருமுறையும் மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய ஈரக் காலுறையை முதுகுப்பையின் வெளியே தொங்கவிட்டால் நடக்கும்போதே காய்ந்துவிடும்.

தாயாரின் பாதத்தைத் தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில், விரலிடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். கிரிவலத்தன்று பாதி வழியிலும் ஒருமுறை செருப்பைக் கழற்றிப் பாருங்கள். அவர் வலிக்கவில்லை என்றுதான் சொல்வார்.

பதில்: காசிமேடு நடைப்பயணி

செவிலி அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இந்த ஆகஸ்டில் எங்கள் குழுவின் மருந்துப் பெட்டியிலிருந்து நூலை எடுத்துவிடுகிறேன். மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சகோதரரே, அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது தடியில் கொஞ்சம் பாரத்தைக் கொடுத்தால், ஷூவின் முனையில் விரல்கள் போய் மோதுவது குறையும். போய்வந்து கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.